வில்லியம் பாண்டிங்

வில்லியம் பாண்டிங் (1796 - மார்ச் 16, 1878) இங்கிலாந்தின் இலண்டன் மாநகரில் வாழ்ந்த ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர் ஆவார். பிரித்தானிய அரச குடும்பத்தின் இறுதி ஊர்வலங்களை நடத்திய நிறுவனத்தின் தலைவராக இருந்தபோதிலும், இவரது பெயர் நிலைத்தது வேறொரு காரணத்தினாலாகும். தமது 66ஆம் வயதில் உணவுமுறையை மாற்றி ஓராண்டில் 46 இறாத்தல் (ஏறத்தாழ 21 கிலோகிராம்) எடையைக் குறைத்த இவர், அந்த அனுபவத்தை 1863ஆம் ஆண்டில் சிறு நூலாக எழுதி வெளியிட்டார். மாவுப்பொருளையும் சர்க்கரையையும் குறைத்து எடையைக் குறைக்கும் முறையைப் பொதுமக்களிடையே பரப்பிய முதல் நூல் அதுவே எனலாம். இவர் மருத்துவரும் அல்லர், அறிவியலாளரும் அல்லர். முதுமையில் உடற்பருமனால் துன்புற்ற ஒரு நோயாளி என்ற நிலையிலிருந்தே இவர் எழுதினார்.

குடும்பமும் தொழிலும்

பாண்டிங் குடும்பத்தினர் இலண்டனின் செயின்ட் ஜேம்ஸ் வீதியில் தொழில் நடத்தி வந்தனர். அக்காலத்தில் வீட்டுத் தளபாடங்கள் செய்வோரும் மெத்தை, திரைச்சீலை அமைப்போருமே சவப்பெட்டி செய்து இறுதி ஊர்வலங்களையும் நடத்திக் கொடுப்பது வழக்கம். அவ்வகையில் அரண்மனைக்குப் பணியாற்றிய இந்நிறுவனம் 1820இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், 1830இல் நான்காம் ஜார்ஜ் மன்னர், 1852இல் வெலிங்டன் கோமகன், 1861இல் விக்டோரியா அரசியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் ஆகியோரின் இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்தது. வில்லியம் பாண்டிங்கின் மறைவுக்குப் பின்னரும், 1901இல் விக்டோரியா அரசிக்கும் 1910இல் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கும் இக்குடும்பத்தினரே அப்பணியைச் செய்தனர். அரண்மனையுடனான தொடர்பு 1928ஆம் ஆண்டு வரை நீடித்தது.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தொழிலில் ஈடுபட்டுப் பின்னர் ஓய்வு பெற்ற பாண்டிங், வசதி படைத்த நடுத்தர வகுப்பினர். அதிகாலையில் எழுபவர். சோம்பிக் கிடந்தவரோ பெருந்தீனிக்காரரோ அல்லர். பெற்றோர் வழியிலும் பருத்த உடல் கொண்டோர் இருந்ததில்லை என்று இவர் குறிப்பிட்டுள்ளார். ஆயினும் முப்பது வயதைக் கடந்த பின் இவரது உடல் பருக்கத் தொடங்கியது.

உடற்பருமன்

1862 ஆகஸ்டில் பாண்டிங்கின் எடை 202 இறாத்தல், அதாவது சுமார் 92 கிலோகிராம் ஆகும். உயரம் 5 அடி 5 அங்குலம். இன்றைய உடல் நிறைச் சுட்டெண்படி கணக்கிட்டால் இது ஏறத்தாழ 33.6 ஆகும், 30ஐத் தாண்டினால் உடற்பருமன் எனக் கொள்வது இன்றைய வழக்கம். வியக்கத்தக்க பருமன் என்று சொல்ல முடியாத இந்த அளவே 66 வயதை நெருங்கிய ஒருவரை எவ்வளவு முடக்கியது என்பதைப் பாண்டிங்கின் நூல் விரிவாகக் கூறுகிறது.

குனிந்து காலணி நாடாவைக் கட்ட அவரால் இயலவில்லை. மாடிப்படிகளில் இறங்கும்போது முழங்காலிலும் கணுக்காலிலும் உடற்பாரம் தாக்காதிருக்க, பின்புறமாகத் திரும்பி மெதுவாக ஒவ்வொரு படியாக இறங்கினார். முழங்கால்களுக்குக் கட்டுத்துணி தேவைப்பட்டது. தொப்புள் குடலிறக்கம் இருந்ததால் வயிற்றிலும் பட்டை அணிய வேண்டியிருந்தது. சிறிது உழைத்தாலும் மூச்சு வாங்கியது. பார்வை மங்கியது, காது மந்தமானது.

உடல் வேதனையை விட ஏளனமே அவரைப் பெரிதும் வாட்டியது. பொது வண்டிகளிலும் மக்கள் கூடும் அரங்குகளிலும் பருத்தவருக்குப் போதிய இடம் கிடைப்பதில்லை. சுற்றியிருப்போரின் பார்வையும் கேலியும் சேர்ந்துகொள்ளவே, அவர் பொது இடங்களுக்குச் செல்வதைக் குறைத்துக்கொண்டார். பருமன் ஒரு நோய் என்று பெரும்பாலோர் எண்ணாத காலம் அது. வயதானால் உடல் பருப்பது இயல்பு என்றே மருத்துவர்களிற் பலரும் கருதினர். அவர்களிடம் முறையிட்டுப் பயன் காணாத ஆண்டுகள் பல.

படகோட்டலும் பிற முயற்சிகளும்

பாண்டிங் முயலாத வழி இல்லை என்றே கூறலாம். நடு வயதில், நண்பரான அறுவை மருத்துவர் ஒருவர் உடலுழைப்பைக் கூட்டுமாறு ஆலோசனை கூறினார். ஆற்றங்கரைக்கு அருகில் வசித்த பாண்டிங்கிடம் கனமான, உறுதியான படகு ஒன்று இருந்தது. நாள்தோறும் அதிகாலையில் இரண்டு மணி நேரம் துடுப்பு வலித்தார். உடல் வலுப்பெற்றது, தசைகள் உறுதியாயின. ஆனால் அதனுடன் பெரும்பசியும் எடுத்தது. பசிக்குத் தக்கவாறு உண்டதால் எடை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. இறுதியில் அதே நண்பரே படகோட்டுவதைக் கைவிடுமாறு கூற நேர்ந்தது.

பின்னர் குதிரையேற்றம், கடற்காற்று, கடற்குளியல் ஆகியவற்றை நாடினார். லெமிங்டன், செல்ட்டனம், ஹாரோகேட் ஆகிய ஊர்களின் கனிமநீர் ஊற்றுகளுக்குப் பலமுறை சென்றார். காரக் கரைசல் மருந்துகளை ஏராளமாகக் குடித்தார். உணவின் அளவை வெகுவாகக் குறைத்துப் பார்த்ததில் உடல் தளர்ந்ததே தவிர பருமன் குறையவில்லை. துருக்கியக் குளியல் எனப்படும் வெப்பக் குளியலை வாரத்திற்கு மூன்று முறை வரை மேற்கொண்டார். ஏறத்தாழ ஐம்பது குளியல்களின் முடிவில் குறைந்த எடை ஆறு இறாத்தல் மட்டுமே.

வில்லியம் ஹார்வி

1862 ஆகஸ்டில் பாண்டிங் மருத்துவரை நாடியது பருமனுக்காக அன்று, காது மந்தத்திற்காக ஆகும். முதலில் பார்த்த மருத்துவரின் சிகிச்சையால் பயன் கிட்டவில்லை. அவரை மீண்டும் காணச் சென்றபோது அவர் ஆண்டு விடுமுறையில் வெளியூர் சென்றிருந்தார். வேறு ஒருவரைத் தேடிய பாண்டிங், சோகோ சதுக்கத்தில் இருந்த வில்லியம் ஹார்வி என்னும் காது அறுவை மருத்துவரைச் சந்தித்தார். (17ஆம் நூற்றாண்டில் குருதிச் சுற்றோட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி வேறொருவர் ஆவார்.)

பாண்டிங்கின் காது மந்தத்திற்கு அவரது பருமனே காரணம் என ஹார்வி கருதினார். காதின் உட்குழாயைச் சுற்றியுள்ள கொழுப்பு அதனை அழுத்துகிறது என்பது அவரது கணிப்பு. இதற்குச் சில ஆண்டுகள் முன்னர் ஹார்வி பாரிசில் பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் குளோட் பெர்னாரின் விரிவுரைகளைக் கேட்டிருந்தார். கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்னும் பெர்னாரின் கண்டுபிடிப்பு நீரிழிவு பற்றிய சிந்தனையை மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. நீரிழிவு நோயாளிகளுக்கு மாவுப்பொருளையும் சர்க்கரையையும் குறைத்துக் கொடுப்பது பயன் தருமானால், பருமனுக்கும் அது உதவக்கூடும் என ஹார்வி எண்ணினார். கால்நடைகளைக் கொழுக்க வைப்பதற்கு மாவுத்தீனியே அளிக்கப்படுகிறது என்பதும் அவர் கருத்திற்கு வலுச்சேர்த்தது.

இந்த எண்ணம் முற்றிலும் புதியதன்று. பிரான்ஸ் நாட்டின் பிரியா-சவரென், சுவை பற்றி 1825இல் வெளியிட்ட நூலில் மாவுணவு பருமனுக்கு ஒரு முக்கியக் காரணம் என எழுதியிருந்தார்.

உணவுமுறை

அதுவரை பாண்டிங் உண்டு வந்தது அக்கால ஆங்கிலேயரின் வழக்கமான உணவே. காலையில் ரொட்டியும் பாலும், அல்லது பாலும் சர்க்கரையும் நிறைந்த தேநீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியும்; நண்பகலில் இறைச்சி, பியர், நிறைய ரொட்டி, மாவுப் பணியாரங்கள்; மாலையில் காலையுணவை ஒத்த சிற்றுண்டி; இரவில் பழப் பணியாரம் அல்லது ரொட்டியும் பாலும். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை இயன்றவரை விலக்குமாறு ஹார்வி கூறினார். இவற்றை விட்டால் உண்பதற்கு என்ன இருக்கிறது என்பதே பாண்டிங்கின் முதல் எண்ணமாக இருந்தது.

புதிய முறைப்படி காலை ஒன்பது மணிக்கு நான்கைந்து அவுன்சு (ஏறத்தாழ 115 முதல் 140 கிராம்) மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி அல்லது சுட்ட மீன், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், ஒரு அவுன்சு வறட்டு ரொட்டி. பிற்பகல் இரண்டு மணிக்கு ஐந்தாறு அவுன்சு மீன் அல்லது இறைச்சி, உருளைக்கிழங்கு நீங்கலாக எந்தக் காய்கறியும், ஒரு அவுன்சு ரொட்டி, சிறிது பழம். மாலை ஆறு மணிக்கு இரண்டு மூன்று அவுன்சு பழமும் தேநீரும். இரவு ஒன்பது மணிக்கு மூன்று நான்கு அவுன்சு இறைச்சி அல்லது மீன். பன்றியிறைச்சியும் சால்மன் மீனும் விலக்கப்பட்டன.

இத்துடன் நண்பகலிலும் இரவிலும் திராட்சை மது அனுமதிக்கப்பட்டிருந்தது. விரும்பினால் உறங்கும் முன்னரும் சர்க்கரை சேர்க்காத சாராய வகை ஒன்றை அருந்தலாம். இனிப்பு மிகுந்த போர்ட், சாம்பெயின், பியர் ஆகியன மட்டுமே தடை செய்யப்பட்டன. முறையின் மிகப் பலவீனமான பகுதி இதுவே ஆகும். மதுவின் ஒவ்வொரு கிராமும் ஏழு கலோரி ஆற்றலைத் தருகிறது என்பதை அன்று எவரும் கணக்கிடவில்லை. முதியோர் தடுமாறி விழுவதற்கும் மருந்துகளுடன் ஒவ்வாமல் போவதற்கும் மது காரணமாகிறது என்பதால், இன்றைய மருத்துவர் எவரும் இப்பகுதியைப் பரிந்துரைக்க மாட்டார்.

எடை சீராகக் குறைந்தது. ஆகஸ்ட் 1862இல் 202 இறாத்தலாக இருந்தது, அவ்வாண்டின் கிறிஸ்துமசு வேளையில் 184 ஆகவும், 1863 ஏப்ரல் இறுதியில் 170 ஆகவும், ஆகஸ்ட் இறுதியில் 156 ஆகவும் ஆனது. இடுப்புச் சுற்றளவு 12¼ அங்குலம் (31 சென்டிமீட்டர்) குறைந்தது. வாரத்திற்கு ஒரு இறாத்தலுக்கும் குறைவான இந்த வேகம் இன்றைய மருத்துவ அளவுகோலின்படியும் மிதமானதே. எடைகளை நாள் குறித்து வரிசையாகப் பதிந்து வைத்தது பாண்டிங்கின் வணிகப் பழக்கத்தின் விளைவாகலாம். அந்த அட்டவணையே நூலுக்கு நம்பகத்தன்மையை அளித்தது.

மாடிப்படிகளில் மற்றவர்களைப் போல முன்னோக்கி இறங்கினார். முழங்காற் கட்டுகள் தேவையற்றுப் போயின. குடலிறக்கத்தின் தொல்லை நீங்கியது. காதும் ஓரளவு தெளிவாகக் கேட்டது. தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளவும், மூச்சு வாங்காமல் நடமாடவும் இயன்றது.

சிற்றேடு

1863இல் பாண்டிங் தம் அனுபவத்தை, உடற்பருமன் பற்றிப் பொதுமக்களுக்கு எழுதிய கடிதமாகத் தமது செலவிலேயே அச்சிட்டார். முதற் பதிப்பு இலவசமாக வழங்கப்பட்டது. தேவை பெருகவே அடுத்தடுத்த பதிப்புகள் வெளிவந்தன. 1864இல் வந்த மூன்றாம் பதிப்பு விலைக்கு விற்கப்பட்டது. 1869இல் நான்காம் பதிப்பு வெளியாயிற்று. பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்க ஐக்கிய நாடுகள் வரை இதன் புகழ் பரவியது.

நூலின் நடை எளிமையானது. கோட்பாடு எதனையும் நிறுவ இவர் முயலவில்லை. முதுமையைப் பற்றிய இவரது ஒரு கருத்து மட்டும் கவனிக்கத்தக்கது. குதிரைகளுக்கு அவரைத் தீனி நல்ல உணவே. ஆயினும் வயது முதிர்ந்த, வேலை குறைந்த குதிரைக்கு அது தீங்காகிறது. அதுபோல இளமையில் ஏற்ற உணவு முதுமையில் ஏற்றதன்று என இவர் கருதினார். தமக்கு விலக்கப்பட்ட உணவுகளை நகைச்சுவையாக மனிதர்களுக்கான அவரை என்றே அழைத்தார். பருத்தவர்கள் யாவரும் உடனே இம்முறைக்குத் தாவிவிடக் கூடாது என்றும், மருத்துவரை நன்கு கலந்தாலோசித்த பின்னரே மேற்கொள்ள வேண்டும் என்றும் எச்சரித்தார். இந்த எச்சரிக்கையைப் பின்பற்றியோர் குறைவு.

எதிர்ப்பும் ஆதரவும்

மருத்துவ உலகம் இந்நூலைக் கசப்புடன் வரவேற்றது. இதில் புதியது ஒன்றுமில்லை என்றும், மருத்துவம் படிக்காத ஒருவர் மருத்துவத்தில் தலையிடலாகாது என்றும் இரு வகையாகக் குறை கூறப்பட்டது. லான்செட் இதழ் அவர் தம் வேலையைப் பார்த்துக்கொள்வதே நன்று என்ற தொனியில் எழுதியது. பிளாக்வுட்ஸ் மாத இதழ் 1864இல் நீண்ட கேலிக் கட்டுரையை வெளியிட்டது. பருமனுக்காக ஏளனம் செய்யப்பட்டவர், அதனைப் போக்கிக்கொண்டதற்காகவும் ஏளனம் செய்யப்பட்டார்.

மறுபுறம், பயன் பெற்ற பலர் பாண்டிங்கிற்குக் கடிதம் எழுதினர். பிற்காலப் பதிப்புகளில் அவற்றிற் சிலவற்றை அவர் சேர்த்துக்கொண்டார். ஹார்வி தம் பங்கிற்கு, பருமனுக்கும் நோய்களுக்கும் உள்ள தொடர்பு பற்றி 1872இல் தனி நூல் வெளியிட்டார். ஜெர்மனியில் டியூபிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெலிக்ஸ் நீமையர் இம்முறையை ஏற்று, கொழுப்பையும் குறைத்து மாற்றியமைத்தார். இதற்கு எதிராக வில்கெல்ம் எப்ஸ்டைன் 1882இல் கொழுப்பு மிகுந்த உணவைப் பரிந்துரைத்தார். மாவுப்பொருளைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா என்னும் வாதம் இவ்வாறு பாண்டிங்கின் வாழ்நாளை ஒட்டியே தொடங்கிவிட்டது.

உடற்பயிற்சி பற்றிய பிற்கால ஆய்வுகள்

படகோட்டிய அனுபவத்தால் பாண்டிங், பருமனைக் குறைக்க உடற்பயிற்சி உதவாது என்னும் முடிவிற்கு வந்தார். இதில் பாதி உண்மை உண்டு. உணவைக் கட்டுப்படுத்தாத பயிற்சியினால் மட்டும் எடை குறைவது சொற்பமே என்பதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டின. ஆனால் முதியோரைப் பொறுத்தவரை எடை மட்டுமே அளவுகோல் அன்று. எடை குறையும்போது கொழுப்புடன் தசையும் எலும்பின் அடர்த்தியும் சேர்ந்தே குறைகின்றன. வயதினால் ஏற்கனவே மெலிந்துவரும் தசை மேலும் தேய்ந்தால் எழுந்து நடப்பதே கடினமாகி, விழுந்து எலும்பு முறியும் வாய்ப்பும் கூடும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 65 வயதைக் கடந்த, உடற்பருமன் கொண்ட 107 பேரிடம் ஓராண்டு காலம் நடத்தப்பட்ட ஆய்வு 2011இல் வெளியானது. உணவை மட்டும் குறைத்தோர் ஏறத்தாழ 10 விழுக்காடு எடை குறைந்தனர். பயிற்சி மட்டும் செய்தோரின் எடை குறையவில்லை. பாண்டிங் கண்டதும் இதுவே. ஆயினும் நடத்தல், எழுதல், படியேறுதல் போன்றவற்றை அளக்கும் சோதனையில் உணவை மட்டும் குறைத்தோர் 12 விழுக்காடும், பயிற்சி மட்டும் செய்தோர் 15 விழுக்காடும் முன்னேறினர். இரண்டையும் சேர்த்துச் செய்தோர் 21 விழுக்காடு முன்னேறினர். அவர்களது தசை இழப்பும் இடுப்பெலும்புத் தேய்வும், உணவை மட்டும் குறைத்தோரைவிடக் குறைவாக இருந்தன. 2017இல் வெளியான மற்றோர் ஆய்வில், எடை குறைக்கும் முதியோருக்கு நடை போன்ற பயிற்சியுடன் பளு தூக்கும் பயிற்சியையும் இணைப்பதே, இரண்டில் ஒன்றை மட்டும் செய்வதைவிட உடலியக்கத்தைக் கூடுதலாக மேம்படுத்துகிறது எனத் தெரிந்தது.

பாண்டிங்கின் முறையில் இறைச்சியும் மீனும் நான்கு வேளையில் மூன்று வேளை இடம்பெற்றதால் புரதம் போதிய அளவு கிடைத்தது. தசை இழப்பை ஓரளவு தடுக்க இது உதவியிருக்கலாம். அவர் கைவிட்ட துடுப்பு வலித்தலை, எடை குறைந்த பின் மீண்டும் தொடங்கியிருந்தால் அதுவே தசைக்கு ஏற்ற பயிற்சியாகவும் அமைந்திருக்கும்.

மறைவும் பெயரும்

நூல் வெளிவந்த பின் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்த பாண்டிங், மார்ச் 16, 1878 அன்று இலண்டனில் தமது 81ஆம் வயதில் காலமானார். பிராம்ப்டன் இடுகாட்டில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. இன்சுலினைப் பிரித்தெடுத்தமைக்காக 1923இல் நோபல் பரிசு பெற்ற கனடிய மருத்துவர் பிரெடரிக் பாண்டிங் இவரது தூரத்து உறவினர் எனக் கூறப்படுகிறது.

1860களிலேயே பாண்டிங் என்னும் பெயர் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாக மாறி, ஒருவர் எடை குறைக்க உணவைக் கட்டுப்படுத்துகிறாரா என்று கேட்பதற்குப் பயன்பட்டது. 1972இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் வெளியிட்ட உணவுமுறை இதன் வழித்தோன்றலாகக் கருதப்படுகிறது. தென்னாபிரிக்காவில் 2013க்குப் பின்னர் உடலியங்கியல் பேராசிரியர் டிம் நோக்ஸ் பரப்பிய உணவுமுறை பாண்டிங்கின் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் கொழுப்பைத் தாராளமாக அனுமதிப்பதால் அது மூல முறையினின்றும் பெரிதும் வேறுபட்டது. ஆங்கிலத்தில் இச்சொல் பெருமளவு வழக்கொழிந்துவிட்டது. சுவீடிய மொழியிலோ, எடை குறைப்பதற்காக உணவைக் கட்டுப்படுத்துவதைக் குறிக்கும் அன்றாடச் சொல் இவர் பெயரிலிருந்து பிறந்த பாண்டா என்பதாகும்.